இடதுபக்கம் ஐந்து மில்லிமீட்டர்

உத்திரமேரூர்,
12.6.2005

அன்புள்ள அசீம்,

உன் கடிதமும் சாக்லேட்டும் சேர்ந்தே வந்தன. சாக்லேட் உருகிக் கடிதத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்துப் படித்ததில் ஒன்றும் பெரிய நஷ்டமில்லை, நாலு பக்கமும் உன் கம்ப்யூட்டர் புராணம்தான். ஈமெயில் அனுப்பச் சொல்கிறாய். பஜாரில் ஒரு பிரௌசிங் சென்டர் இருக்கிறது. நான் ஒரு எழுத்தைத் தேடிப்பிடிப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் நின்று படித்துவிடுகிறார்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள். ஆகையால் தபால்தான் எனக்குச் சரி.

உங்கள் ஊர்க் கூட்டத்தில் பேசுவதற்கு, வெறுங்கையால் தாடைக்கு எலும்பு வைத்த கேஸ் ஒன்று கேட்டிருந்தாய். கம்ப்யூட்டர் திட்டம் போட்டுச் செய்த வேலைக்குப் பக்கத்தில் அதை வைத்துக் காட்டி எங்களைப் போன்ற ஆட்களைச் சிரிக்கவைக்கப் போகிறாய். காட்டு. என்னிடம் இருப்பதிலேயே நல்ல கேஸாக அனுப்புகிறேன், யார் சிரிக்கிறார்கள் பார்ப்போம்.

பெண்ணின் பெயர் பவளம், ஊர் சாலவாக்கம். பதினான்கு வயதில் தாடையில் கட்டி. இருபத்திரண்டாவது வயதில் என்னிடம் வந்தபோது இடது கன்னம் தேங்காய் மூடியைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. காதடியிலிருந்து முகவாய் தாண்டும் வரை தாடையை எடுக்கவேண்டியதாயிற்று. இடுப்பெலும்பில் ஒரு துண்டு வெட்டியெடுத்து, செதுக்கி, அந்த இடத்தில் பொருத்தினேன். காஞ்சிபுரத்து நர்சிங் ஹோமில் ஏழு மணி நேரம். கட்டி இல்லாமல் வளர்ந்திருந்தால் அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பெற்றவளுக்கே தெரியாது, ஒரு போட்டோகூடக் கிடையாது. எலும்பைக் கையில் பிடித்தேன், கை போன வழியில் விட்டேன். எந்த இடத்திலும் நின்று யோசிக்கவில்லை. அப்படி ஒரு நாள் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மூன்று படம் வைத்திருக்கிறேன். கட்டியோடு ஒன்று, ஆபரேஷன் முடிந்த மாதத்தில் ஒன்று, போன வாரம் ஒன்று. பவளத்தைக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன். தன் முகம் பிளேன் ஏறுவதைக் கேட்டுச் சிரித்தாள். போன தையில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. புருஷன் முத்துவேலும் அதே ஊர்தான், நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறான்.

உன் அம்மா நலம். சாயங்காலமானால் உங்கள் துணிக்கடைக்கு வந்து நசுருதீன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் வேண்டாம் என்று பிடிவாதம். என்னைக் கண்டால் முப்பத்தேழு வயதாகியும் ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று விசாரணை. நீயும் அதையே எழுதாதே.

உன்,
பஞ்சாட்சரம்

* * *

786
ஆண்ட்வெர்ப்,
2.7.2005

பஞ்சு,

நான் நலம். நீயும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

கூட்டத்தில் உன் படங்களைக் காட்டவில்லை. மூன்றாவது படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அந்தப் பெண் கேமராவைப் பார்க்காமல் லேசாக வலதுபக்கம் திரும்பியிருக்கிறாள். அப்படித் திரும்பினால் என் தங்கை பர்சானா எப்படி இருப்பாளோ அப்படி இருக்கிறாள். கண் வேறு, மூக்கு வேறு, நிறம் வேறு. காதுக்குக் கீழே ஆரம்பித்து முகவாய் வரை பர்சானா. அவள் மௌத்தாகிப் பத்து வருஷம் ஆகிறது. நான் பயந்துவிட்டேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

கண்ணை நம்பாமல் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அளந்தேன். முகவாய் நடுக்கோட்டை விட்டு இடதுபக்கம் ஐந்து மில்லிமீட்டர் போயிருக்கிறது. பர்சானாவுக்கும் அவ்வளவுதான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதைச் செய்தவன் நான். எனக்குப் பதின்மூன்று வயதில், அவளைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து ஏரிக்கரைச் சரிவில் பிரேக் பிடிக்காமல் இறங்கினேன். அவளுக்கு ஒன்பது வயது. முகவாய் கல்லில் மோதியது. மஞ்சள் பற்றுப் போட்டார்கள், காயம் ஆறியது. இடது காதுக்குப் பக்கத்தில் தாடை மூட்டு உடைந்தது யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கம் வளராமல் நின்றுபோய், முகவாய் இடப்புறம் சாய்ந்தது. குழந்தைக்கு மூட்டு உடைந்தால் அப்படித்தான் ஆகும் என்று மூன்றாம் வருஷப் பாடத்தில் படித்தேன். அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டு மெஸ்ஸுக்குக்கூடப் போகவில்லை. நீ பக்கத்துக் கட்டிலில் இருந்தாய், காரணம் கேட்டாய், நான் சொல்லவில்லை.

இப்போது நான் கேட்கிறேன். அதற்குப்பிறகு நான் அவளைக் காலேஜுக்குக் கூட்டிவந்து எடுத்து, அளந்துவைத்த எக்ஸ்ரே ஏதாவது உன்னிடம் இருந்ததா? அதைப் பார்த்துச் செதுக்கினாயா? ஆமாம் என்றால் திட்டிவிட்டு விட்டுவிடுவேன். இன்னொன்று, அந்தப் பெண் எங்கள் கடைப் பக்கம் வராமல் பார்த்துக்கொள். அம்மா பார்க்கக் கூடாது.

அசீம்

* * *

உத்திரமேரூர்,
15.8.2005

அன்புள்ள அசீம்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. என்ன எழுதுவது என்று தெரியாததுதான் காரணம்.

அம்மா பார்த்துவிட்டார். உன் கடிதம் வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே நடந்துவிட்டது. பவளம் ரவிக்கைத் துணி எடுக்க உங்கள் கடைக்குப் போயிருக்கிறாள். துணியை வெளிச்சத்தில் பார்க்கத் திரும்பியவளை அம்மா கிட்டே கூப்பிட்டு, கண் தெரியாததால் முகத்தோடு முகம் வைத்துப் பார்த்து, தாடையைக் கையால் தடவியிருக்கிறார். பிறகு விடவில்லையாம். நசுருதீன் அண்ணன் வந்து விரலைப் பிரித்திருக்கிறார்.

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டவுன் பஸ் ஏறி சாலவாக்கம் போகிறார். தூக்கில் நெய்ச்சோறு. அவளை உட்காரவைத்து ஊட்டிவிட்டு, தாடையைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறார். முதலில் பவளத்துக்கு அது பிடித்துத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் அம்மா அவளைப் பர்சானா என்று கூப்பிட்டிருக்கிறார். மாமியார்க்காரி விசாரித்துத் தெரிந்துகொண்டு, செத்துப்போன பெண் மருமகள் மேல் வந்து உட்கார்ந்துவிட்டதாக ஊரைக் கூட்டிவிட்டாள். மந்திரிக்க இரண்டு இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். வேப்பிலை அடித்ததில் கழுத்தெல்லாம் கீறல். இப்போது முகம் சரியானால் வா என்று தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முத்துவேல் தாய் பேச்சைத் தட்டவில்லை.

நேற்று கிளினிக்கில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. கேட்டாள்: "எட்டு வருசம் மூஞ்சியே இல்லாம இருந்தேன். இப்ப ஒண்ணு கீதுன்னு பாத்தா அது என்னுது இல்லியாம். யாரோடது டாக்டரே இது?"

நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். என்னிடம் எந்த எக்ஸ்ரேயும் இருந்ததில்லை. வைத்த எலும்பு கரையும், கரைந்தால் சாயும், உனக்குத் தெரியாததில்லை. இது தற்செயல். ஆயிரம் தாடையில் ஒன்று இன்னொன்றைப் போல இருப்பது பெரிய அதிசயமா? நீ அளக்கிற மெஷினை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்கிறாய்.

பஞ்சாட்சரம்

* * *

786
ஆண்ட்வெர்ப்,
3.9.2005

பஞ்சு,

கரைந்து சாய்ந்தது என்கிறாய். ஆபரேஷன் முடிந்த மாதத்துப் படத்தையும் நீயே அனுப்பியிருக்கிறாய். அன்றைக்கும் அதே ஐந்து. நீ அப்படியேதான் செதுக்கினாய்.

அம்மா பஸ்ஸில் போவதை அண்ணனும் போனில் சொன்னார். தடுக்க முடியவில்லையாம். பத்து வருஷத்தில் அம்மா இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்றும் சொன்னார்.

முதலில் பவளம். அவளுக்கு அவள் முகம் வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும். சென்னைக்குக் கூட்டிப்போய் சி.டி. ஸ்கேன் எடுத்து, குறுந்தகட்டில் போட்டு அனுப்பு. கட்டி தொடாத வலதுபக்கம் அவளுடையதுதானே. அதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி இடதுபக்கத்தில் பொருத்தினால் அவள் எலும்பே அவள் முகத்தைச் சொல்லிவிடும். எங்கே வெட்டுவது, எங்கே புதுத்துண்டு வைப்பது என்று திட்டம் போட்டு, ரெசினில் ஒரு கைடு செய்து அனுப்புகிறேன். அது எலும்பின்மேல் ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும். அதிலிருக்கும் கீற்று வழியாக மட்டுமே ரம்பம் போகும். உன் கை என்ன நினைத்தாலும் வேறு வழியில் போக முடியாது. நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். இந்தமுறை வெறுங்கையால் தொட்டாய் என்றால் நான் உன்னை மன்னிக்கமாட்டேன்.

எக்ஸ்ரே இல்லை என்கிறாய், நம்புகிறேன். எங்கள் வீட்டுக்கு நீ படிக்க வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பர்சானா திரைக்கு இந்தப்பக்கம் வந்ததில்லை. டீயைக்கூட நான்தான் வாங்கிவருவேன். அப்படியிருக்க உன் கைக்கு அந்த ஐந்து மில்லிமீட்டர் எப்படித் தெரிந்தது? ஸ்கேனோடு அதையும் எழுதி அனுப்பு. எழுதாவிட்டாலும் கைடு வரும், பவளம் என்ன பாவம் செய்தாள். ஆனால் நமக்குள் கடிதம் இருக்காது.

அசீம்

* * *

உத்திரமேரூர்,
25.9.2005

அசீம்,

குறுந்தகடு இதில் இருக்கிறது. பவளம் ஸ்கேன் மெஷினுக்குள் போகப் பயந்தாள், நான் வெளியே நின்று பேச்சுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டதை எழுதுகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

91இல் படிப்பு முடிந்து நீ வேலூருக்கு வேலைக்குப் போனாய். நான் காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் உதவியாளாகச் சேர்ந்தேன். பர்சானா நான் தினம் போகும் அதே எட்டேகால் பஸ்ஸில் டைப்ரைட்டிங் வகுப்புக்கு வருவாள். பெண்கள் முன்னால் இடதுபக்கம், நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையைப் பார்ப்பாள். முக்காட்டுக்கு வெளியே காதடியிலிருந்து முகவாய் வரை ஒரு கோடுதான் எனக்குத் தெரியும். ஒன்றரை வருஷம் தினம் ஒரு மணி நேரம் நான் பார்த்தது அதைத்தான். பேசியதில்லை. கண்டக்டரிடம் சில்லறை மாற்றிக் கொடுத்த இரண்டு தடவை தவிர.

92 டிசம்பரில், மசூதியை இடித்ததில் ஊரெல்லாம் பேஜாராகி பஸ் நின்று ஓடிய அந்த மாதத்தில், ஒருநாள் வண்டியில் ஏழெட்டுப் பேர்தான். பெருநகர் கிராமத்தில் என் பங்கு நிலம் இருக்கிறது, தனியாகக் கிளினிக் போடப்போகிறேன், உன்னைக் கட்டிக்கொள்ள ஆசை என்று உளறினேன். அவள் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "அண்ணங்கிட்ட கேளுங்க."

மாட்டேன் என்று சொல்லவில்லை, அசீம். உன்னிடம் கேட்கச் சொன்னாள்.

நான் கேட்கவில்லை. மூன்று தடவை வேலூர் வந்தேன், மூன்று தடவையும் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். நீ அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை, சிரித்துவிடுவாயோ என்று பயம். அந்த வருஷத்தைப் பார்த்தும் பயம். பிப்ரவரியில் நீ பத்திரிகை கொடுத்தாய், மாப்பிள்ளை பேரணாம்பட்டு என்று. பந்தியில் நான் பரிமாறினேன். இரண்டு வருஷத்தில் பிரசவத்தில் போய்விட்டாள் என்று தந்தி வந்தது.

பவளத்தின் எலும்பைச் செதுக்கும்போது நான் பர்சானாவை நினைக்கவே இல்லை. இதை நீ நம்பவேண்டும். நினைத்துச் செய்திருந்தால் அயோக்கியத்தனம் என்று பேர்வைத்துவிடலாம். கை தானாகப் போயிற்று. எனக்கு அன்றைக்கு ஏன் அவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று இப்போதுதான் புரிகிறது. வெறுங்கை என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அதற்குள் அவள் இருந்திருக்கிறாள். இப்போது எந்த நோயாளியின் தாடையைத் தொட்டாலும் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நேற்று ஒரு சாதாரணக் கடைவாய்ப்பல்லைக்கூட எடுக்காமல் நாளைக்கு வரச்சொல்லிவிட்டேன்.

கைடு அனுப்பு. அது சொல்லும்படி செய்கிறேன்.

பஞ்சாட்சரம்

* * *

786
ஆண்ட்வெர்ப்,
12.11.2005

பஞ்சு,

கைடு பார்சலில் இருக்கிறது. ஒன்று வெட்டுவதற்கு, ஒன்று புதுத்துண்டைச் செதுக்கி அளவு பார்ப்பதற்கு. தாடையின் பிரிண்ட் மாடலும் வைத்திருக்கிறேன், முதலில் அதில் பொருத்திப் பழகு. கொதிக்கவைக்காதே, வளைந்துவிடும். மருந்தில் ஊறவைத்தால் போதும்.

சாதாரணமாக இது எனக்கு ஒருநாள் வேலை. திரையில் பவளத்தின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தோல் கிடையாது, கண் கிடையாது, எலும்பு மட்டும். பவளத்தை நான் நேரில் பார்த்ததில்லை. ஆகவே எனக்கு அது பர்சானாதான். அவளை அடக்கம் செய்தபோது நான் இந்த ஊரில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன், ஒரு பிடி மண் போடவில்லை. வலதுபக்கத்தைத் திருப்பிப் பொருத்த ஒரு பட்டனை அழுத்தவேண்டும். அதற்கு எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. அழுத்தினேன். முகவாய் நடுவுக்கு வந்தது. எந்தச் சத்தமும் இல்லை. பக்கத்து மேஜைக்காரன் காபி வேண்டுமா என்று கேட்டான், வேண்டும் என்றேன்.

நீ எழுதியதற்கு நானும் ஒன்று எழுதவேண்டும். எழுதாமல் பார்சலை மூடிவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

93 ஜனவரியில் லீவுக்கு வந்திருந்தேன். பர்சானா தண்ணீர் கொடுக்கிற சாக்கில் வந்து நின்று, "அண்ணே, ஒங்க கூட்டாளி ஒங்கள இன்னாவாச்சும் கேட்டாரா?" என்றாள். இல்லையே, என்ன என்றேன். ஒன்றுமில்லை என்று போய்விட்டாள். மறுநாளும் கேட்டாள். மூன்றாம் நாளும் கேட்டாள். மூன்றாம் நாள் எனக்கு விளங்கிவிட்டது.

அவளைத் திட்டவில்லை. உன்மேலும் கோபப்படவில்லை. அத்தாவிடம் போய், பேரணாம்பட்டு வரன் நல்ல இடம், தள்ளிப்போடாமல் முடித்துவிடலாம் என்றேன். இவ்வளவு தூரம் எதற்கு என்று அம்மா அழுதார்கள். நான்தான் பேசிப் பேசிச் சம்மதிக்கவைத்தேன். நீ கேட்டிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். ஆனால் லீவு முடிந்து நான் திரும்பியபின் நீ வேலூர் வந்த மூன்று தடவையும் எதற்கு வந்தாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் உன்னைப் பேசவிடாமல் சினிமாவுக்கும் பிரியாணிக்கும் இழுத்துக்கொண்டு போனேன். கல்யாணம் முடிந்து வண்டி ஏறும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவே இல்லை.

இதைப் படித்துவிட்டு நீ பதில் எழுதாவிட்டாலும் நியாயம்தான். பவளத்தின் வேலையை மட்டும் முடித்துக்கொடு.

அசீம்

* * *

உத்திரமேரூர்,
30.1.2006

அசீம்,

நவம்பர் மழையில் ஏரி நிரம்பி வழிந்து, ஊர் இரண்டு வாரம் துண்டித்துக் கிடந்தது. அதனால் ஆபரேஷன் டிசம்பர் எட்டாம் தேதிதான் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. நீ சொன்னபடி கைடு எலும்பின்மேல் ஒரே விதமாகத்தான் உட்கார்ந்தது. வெட்டும்போது இரண்டு தடவை என் கை இடதுபக்கம் போகப்பார்த்தது. ரம்பம் கீற்றில் இடித்து நின்றது, கை திரும்பி வந்துவிட்டது. எதிரில் நின்ற நர்சுக்கு ஒன்றும் தெரியாது. என் நெற்றியைத் துடைத்துவிட்டு ஏசி போடச் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

வெட்டியெடுத்த துண்டை வழக்கமாக வாளியில் போடுவோம். போட்டேன். அந்தத் துண்டும் பவளத்தின் இடுப்பெலும்புதானே, அவளுடையதை எடுத்து வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்று சொல்லிக்கொண்டேன்.

பொங்கலுக்குள் வீக்கம் வடிந்துவிட்டது. முகம் நேராக இருக்கிறது, கொஞ்சம் உருண்டை. பெற்றவள் பார்த்துவிட்டு இது தன் அக்காள் ஜாடை என்றாள். பவளம் கண்ணாடியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள், நல்லாகீது டாக்டரே என்றாள். மாட்டுப்பொங்கலன்று முத்துவேல் வந்து கூப்பிட்டுக்கொண்டு போனான். அறுவடை மெஷினிலேயே வந்தான், தெருவே வேடிக்கை பார்த்தது. மாமியார் ஆரத்தி எடுத்தாளாம். அவள் காரியம் நல்லபடியாக முடிந்தது, அதற்கு உனக்கு நன்றி.

மற்றதை எழுதுகிறேன். புகுந்தவீடு போவதற்கு முன்னால் பவளம் உங்கள் கடைக்குப் போயிருக்கிறாள். நெய்ச்சோறு ஊட்டிய அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமல் போக அவளுக்கு மனசு வரவில்லை. நானும் தடுக்கவில்லை. அம்மா வழக்கம்போலக் கிட்டே கூப்பிட்டு முகத்தைத் தடவியிருக்கிறார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். சாலவாக்கம் என்று சொன்னாளாம். அதற்கு அம்மா சொன்னதை அவள் அப்படியே என்னிடம் வந்து சொன்னாள்: "ஒன் கொரலு அந்தப் பொண்ணு மாதிரியே கீது. அந்த ஊர்ல பவளம்னு ஒண்ணு இருக்குது, பாத்தா நான் வரச்சொன்னேன்னு சொல்லும்மா." பவளம் சரி என்று சொல்லிவிட்டு, ரவிக்கைத் துணி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். என் கிளினிக்கில் உட்கார்ந்து அழுதாள்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அம்மா பஸ் ஏறுவதில்லை. யார் வீட்டுக்கு என்று போவார்? கடைக்கு வருகிறார். துணி எடுக்க வருகிற பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தாடையைத் தொட்டுப்பார்க்கிறார். வாடிக்கை குறையும் என்று அண்ணனுக்குக் கவலை. நேற்று சாயங்காலம் நான் போனேன். பக்கத்தில் உட்காரச் சொன்னார். "அந்தப் பொண்ணு வர்றதே இல்ல தம்பி. அதயும் எங்கியாவது தூரமா அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

நான் தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். எனக்கு இன்னும் கோபம் வரவில்லை. ஆனால் வரும், அது எனக்குத் தெரிகிறது. வந்துவிட்டால் பிறகு உன் முகத்தைப் பார்ப்பேனா என்று சொல்ல முடியாது. அதற்குள் வந்து சேர். பதில் எழுத வேண்டாம், டிக்கெட் போடு. அம்மாவிடம் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது. ஒருத்தன் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

பஞ்சாட்சரம்